பக்கத்து வளவின் சோலைவரி

குடையை மடக்காமலே அவர் என் வீட்டுப் படலையில் நின்றார். பிரதேச சபையின் உப அலுவலகத்திலிருந்து நேரே வருகிறார் என்பதைக் கையிலிருந்த வீட்டு வரைபடச் சுருள் சொல்லிற்று. நான் காலைப் பூசையை முடித்து விறாந்தைக்கு வந்த நேரம். நெற்றித் திருநீற்றின் ஈரம் காய்ந்திருக்கவில்லை. உள்ளே வரும்படி அழைத்தேன். அவர் படலையைத் தாண்டவில்லை.

"அண்ணை, ஒண்டே ஒண்டு கேட்டுப்போட்டுப் போறன். என்ரை அம்மாவின்ரை காணி எப்ப துடக்கம் உங்கடை காணி?"

கேள்வி எனக்கு விளங்கவில்லை. விளங்காமல் நின்றதை அவர் நடிப்பென்று எடுத்துக்கொண்டார்.

என் வளவுக்குக் கிழக்கே கிடக்கும் வளவின் உரித்துக்காரி அவர். தாய்க்குச் சீதனமாக வந்து, தாயிடமிருந்து அவருக்கும் சீதனமாகவே எழுதப்பட்ட நிலம் அது. இடப்பெயர்வுக் காலத்தில் குடும்பத்தோடு ஊரை விட்டுப் போனவர், கடைசியிற் கனடாவில் நிலைத்தார். கணவரை அங்கேயே தகனம் செய்தார். மகன் தன் வீட்டை விற்று வேறொரு நகரத்தில் ஒரு சிறிய தொடர்மாடிக்குப் போனபோது, தாய்க்கு அங்கே ஓர் அறை இல்லாமற் போயிற்று. மகனைப் பற்றி அவர் ஒரு குறையும் சொன்னதில்லை. தனக்கென்று ஒரு துண்டு நிலம் கிடக்கும்போது இன்னொருவர் கூரைக்குக் கீழே தான் ஏன் ஒதுங்க வேண்டும் என்று மட்டும் சொல்லிக்கொண்டு, முதிர்ந்த வயதில் தனியாக வந்து இறங்கினார். இணுவிலில் ஒரு வீட்டின் பின்னறையை வாடகைக்கு எடுத்தார். தாயின் காணியில் இரண்டு அறையும் ஒரு குசினியும் கட்டி, மீதி நாளை அங்கே கழிப்பது அவருடைய எண்ணம். கையிலிருந்த சேமிப்பு அதற்கு மட்டுந்தான் காணும். வந்த புதிதில் என் விறாந்தையில் இருந்து இதையெல்லாம் சொல்லி, அயலுக்கு நீங்கள் இருப்பதே எனக்குத் துணை என்று மனம் குளிர்ந்து போனவர்தான் இன்று படலையில் நின்றார்.

அன்று காலை அவர் கட்டட அனுமதிக்கு விண்ணப்பிக்கப் போயிருக்கிறார். அந்த வளவின் மதிப்பீட்டு இலக்கத்துக்கு எதிரே என் பெயர் பதிந்திருக்கிறது என்றும், உரித்தைத் தீர்த்துக்கொண்டு வந்தால்தான் வரைபடத்தைப் பார்ப்போம் என்றும் அங்கே சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

"வரியும் உங்கடை பேரிலை. வாழையும் வைச்சிருக்கிறியள். நடுவிலை வேலியையும் காணேல்லை. வடிவாத்தான் செய்திருக்கிறியள் அண்ணை."

நான் மறுமொழி சொல்ல வாயெடுக்குமுன் அவர் திரும்பிவிட்டார். கிணற்றடியில் நின்ற என் மருமகன் எல்லாவற்றையும் கேட்டபடி, வாளியை மெதுவாகக் கீழே வைத்தார்.

எங்கள் பக்கத்தில் வீட்டுக்கும் வளவுக்கும் சபை அறவிடும் வரியைச் சோலைவரி என்போம். என் வளவின் வரியோடு அந்த வளவின் வரியையும் நான் பல காலமாகக் கட்டி வந்தது உண்மை. அதற்குக் காரணம் நிலத்தில் வைத்த ஆசை அன்று. இளமையிலேயே தீட்சை பெற்றுச் சிவபூசை எடுத்தவன் நான். பூசைக்கு வில்வம் வேண்டும். இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது என் வளவில் நின்ற வில்வம் பட்டுப்போயிருந்தது. பக்கத்து வளவில் கேட்பாரற்று ஒன்று தழைத்து நின்றது. சொந்தக்காரர் எங்கே என்று அப்போது ஊரில் ஒருவருக்கும் தெரியாது. வேலியும் இற்று விழுந்து கிடந்தது. நான் போய்ப் பறித்தேன். திங்கட்கிழமையில் வில்வத்தை நோகச் செய்யலாகாது என்று ஞாயிறு மாலையே பறித்து நீர் தெளித்து வைக்கிற அளவுக்கு விதி பார்த்த எனக்கு, அந்த இலை இன்னொருவருடையது என்ற எண்ணம் மெல்ல மெல்ல முள்ளாயிற்று. உரியவரைக் கேளாமற் கொய்த பூவை இறைவன் திருவடியில் வைப்பது தகாது என்று பெரியோர் சொல்லக் கேட்டு வளர்ந்தவன். கேட்பதற்கோ ஆளில்லை. அந்த வளவின் வரிச் சிட்டை ஆண்டுதோறும் வந்து படலையில் சொருகியபடி மழையில் ஊறிக் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு போய்க் கட்டினேன். பறித்த இலைக்கு ஈடாயிற்று, நிலத்துக்காரருக்கும் நிலுவை சேராது என்று மனம் அமைதி கொண்டது. தை பிறந்தவுடன் கட்டினால் வரியில் ஒரு பங்கு கழிவு உண்டு. அதையும் விடாமல், முதல் ஆளாகப் போய்க் கட்டுவேன்.

பெயர் எப்படி மாறியது என்பதை அறிய அடுத்த நாள் நானே சபைக் கந்தோருக்குப் போனேன். வருமானப் பரிசோதகராக இருந்தவர் நடுத்தர வயதினர், மரியாதை தெரிந்தவர். கதிரை எடுத்துப் போட்டுவிட்டுச் சொன்னார். ஊரில் பாதி வளவுகளுக்கு ஆளில்லை. உரியவர்கள் ஊர்விட்டு ஊர், நாடுவிட்டு நாடு. குப்பை அள்ளும் உழவு இயந்திரத்துக்கு எண்ணெய் ஊற்றுவதும், தெருவுக்கும் ஒழுங்கைக்கும் மின்குமிழ் மாற்றுவதும், மதகைத் திருத்துவதும் இந்த வரியிலிருந்துதான் நடக்க வேண்டும். ஆகவே மறு மதிப்பீட்டின்போது, ஒவ்வோர் இலக்கத்துக்கும் வரி கட்டுகிற ஒருவரைக் கண்டுபிடித்துப் பெயரை எழுதும்படி மேலிடம் சொல்லியிருந்தது.

"ஐயா, நான்தான் வந்தனான். நீங்கள் பூசையிலை இருந்தியள். பக்கத்து வளவுக்கும் நீங்களே கட்டுறது எண்டு யன்னலுக்காலை கேட்டனான். நீங்கள் தலையாட்டினீங்கள்."

அது நினைவில் இருந்தது. பூசை நடுவே நான் மந்திரமன்றி வேறு சொல் பேசுவதில்லை. யன்னலில் ஒரு முகம் தோன்றிக் கேட்டதற்கு, ஆம், கட்டுகிறேன் என்று தலையசைத்தேன். அது பொய்யன்று. அதன் பின் வந்த சிட்டைகளில் என் பெயர் இருந்ததையும் கண்டேன். கட்டுகிறவர் பெயர் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்து மடித்து வைத்தேன்.

"பேர் எழுதினது நாங்கள். தலையாட்டினது நீங்கள். இனி மாத்திறதெண்டால் எங்களுக்கு ஒரு சத்தியக் கடதாசி வேணும்" என்றார் பரிசோதகர். சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்தி, இவ்வளவு காலம் கட்டிய வரி சும்மா போகாது, சட்டம் தெரிந்த ஒருவரோடு கதைத்துவிட்டுக் கையெழுத்து வையுங்கள் என்றும் சேர்த்தார். அவர் எனக்கு நன்மை செய்வதாகவே நினைத்தார்.

அந்தச் சட்டத்தை என் வீட்டில் மருமகன் ஏற்கெனவே தெரிந்து வைத்திருந்தார். உரித்தில்லாத ஒருவர் பத்து வருடத்துக்கு மேலே ஒரு நிலத்தைத் தடையின்றி ஆண்டு வந்தால் அது அவருக்கே ஆகும் என்ற வழி ஒன்று உண்டு. வரிப் பற்றுச்சீட்டு காணி உறுதிப் பத்திரம் ஆகாது. ஆனால் ஆட்சிக்கு நல்ல சாட்சி. மருமகன் உழைப்பாளி. நீர்வேலியிலிருந்து வாழைக் குட்டிகள் கொண்டுவந்து அந்த வளவில் வைத்தவர் அவர்தான். பற்றையாகக் கிடந்த நிலம், பாம்பு வருகிறது, துப்புரவாக்கினாற் போதும் என்றுதான் அப்போது சொன்னார். நானும் தடுக்கவில்லை.

அன்று மத்தியானம் சாப்பாட்டுக்கு முன்னால் அவர் என்னோடு கதைத்தார். கோபமாக அன்று, கணக்குத் தீர்க்கிற நிதானத்தோடு.

"மாமா, வெளியிலை இருக்கிறவைக்குக் காணி ஞாபகம் வாறது விலை ஏறினாப் பிறகுதான். ஷெல் விழேக்கை ஆர் இங்கை நிண்டது? ஒழுங்கையிலை லைற் எரியிறது ஆற்றை காசிலை? ரோட்டுப் போட்டது ஆற்றை காசிலை? நாங்கள் கட்டினம், நாங்கள் துப்புரவாக்கினம். இப்ப வந்து தன்ரை எண்டால்?"

விலை கேட்டு வந்தவர் அல்லர் அவர், வீடில்லாமல் வந்தவர் என்றேன். மருமகன் தட்டிலிருந்து கண்ணை எடுக்காமற் சொன்னார்:

"உங்கடை பேத்திக்கும் வீடில்லை."

மகள் கறியை என் தட்டில் இட்டுவிட்டு நின்றாள். எனக்கு ஒரே மகள், அவளுக்கும் ஒரே மகள். இந்த வளவு மகளுக்குப் போய்விட்டது. பேத்திக்குக் கொடுக்க அவர்களிடம் வேறு நிலம் இல்லை என்பதை எங்கள் மூவருக்கும் எவரும் சொல்லித் தரத் தேவையில்லை.

காணிக்கார அம்மையாரின் சட்டத்தரணி யாழ்ப்பாணப் பட்டணத்தில் ஒரு மாடிக் கந்தோரில் இருந்தார். என்னை வரும்படி ஆள் அனுப்பினார். போனபோது அம்மையாரும் அங்கே இருந்தார், என்னைப் பாராமல். சட்டத்தரணி எழுதி வைத்திருந்த சத்தியக் கடதாசியை எனக்கு வாசித்துக் காட்டினார். வரி கட்டியதும் இலை பறித்ததும் வாழை வைத்ததும் எல்லாம் உரித்துக்காரியின் அனுமதியோடே நடந்தன என்று அதில் இருந்தது. அனுமதியோடு ஒரு நிலத்தில் நின்றவருக்கு எத்தனை காலம் போனாலும் அது சொந்தமாகாது என்றும், அந்த ஒரு வசனம் இருந்தால் நாளைக்கு எவரும் வாய் திறக்க முடியாது என்றும் விளக்கினார்.

பேனையை நீட்டினார். நான் வாங்கவில்லை.

அனுமதி இருக்கவில்லை என்று சொன்னேன். நான் ஒருவரையும் கேட்டதில்லை. கேட்காமல் நடந்ததைக் கேட்டு நடந்ததாகச் சத்தியம் செய்வது எப்படி? கோயிலில் மாலைப் பூசைக்குப் பின் பதிகம் பாடுகிற வாய் இது. புராணம் படிக்கும் நாட்களில் பொருள் விரித்துப் பயன் சொல்லுகிற வாயும் இதுவே. வேறு ஏதாவது வழி சொல்லுங்கள், எனக்கு அந்த நிலம் வேண்டாம் என்றேன். சட்டத்தரணி சற்று யோசித்து, அப்படியானால் உங்களுக்கு இருக்கக்கூடிய உரித்தெல்லாவற்றையும் இவருக்கு நன்கொடையாக எழுதிக் கொடுக்கலாம் என்றார். அதுவரை யன்னலைப் பார்த்திருந்த அம்மையார் திரும்பினார்.

"என்ரை அம்மா சீதனமாக் கொண்டுவந்த காணியை எனக்கு நீங்கள் தானம் பண்ணப்போறியளோ அண்ணை? வெத்திலை பாக்கும் வைச்சுத் தருவியளோ?"

தானமாக வாங்கினால் அது என் கையில் இருந்தது என்று ஒப்புக்கொண்டதாகும், அதைச் செய்யமாட்டேன் என்று அவர் சட்டத்தரணியிடம் சொன்னார். பிறகு என்னிடம், குரலை உயர்த்தாமல்:

"ஒரு வசனம். உங்கடை வாய் சுத்தமா இருக்கவேணும் எண்டதுக்காக நான் வாடகை அறையிலை கிடந்து சாகவேணுமோ?"

மாடிப்படியில் இறங்கும்போது கைபிடியை இறுகப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினேன்.

ஊருக்குள் செய்தி பரவ அதிக நேரம் எடுக்கவில்லை. கையெழுத்து வைக்க மறுத்தார் என்ற பாதி மட்டுந்தான் பரவிற்று. கோயிலில் என்னைக் கண்டவுடன் கதையை நிறுத்தினார்கள். ஒருவர், நெடுநாட் பழக்கம் உள்ளவர், தூணோடு சாய்ந்திருந்து, "சிவபூசைக்காரர், காணி எல்லாம் சிவனுக்குத்தானே" என்று என் காது கேட்கச் சொன்னார். பக்கத்தில் நின்றவர் சிரிப்பை மேல்துண்டால் மறைத்தார். அன்று பண் பிசகிற்று. மனப்பாடமாக ஓடும் பதிகத்தின் நடுவில், அடுத்த அடி வராமல், குருக்கள் திரும்பிப் பார்க்கும்படி நின்றேன். வீட்டிலோ மறுபக்கம். மாமா கையெழுத்து வைக்க மறுத்தது நமக்காகத்தான் என்று மருமகன் எடுத்துக்கொண்டார். என்னோடு முன்னில்லாத அன்போடு கதைத்தார். வாழைக்குப் புதிதாகப் பாத்தி கட்டினார். ஊர் என்னைக் கள்வன் என்று நினைத்ததைவிட, அவர் என்னைக் கெட்டிக்காரன் என்று நினைத்தது எனக்கு அதிகம் சுட்டது.

வில்வம் பறிப்பதை நிறுத்திவிட்டேன். சந்தையில் பூ வாங்கி வைத்துப் பூசை செய்தேன். மனம் ஒன்றவில்லை. அந்தப் பொய் வசனத்தை நான் ஏன் இவ்வளவு வெறுக்கிறேன் என்று என்னையே கேட்டுக்கொண்டிருந்தேன். சத்தியத்தின்மீது வைத்த பற்று என்று பதில் வந்துகொண்டிருந்தது. ஒரு காலை, பூசைக்கு இருந்து, சங்கில் நீர் நிரப்பும்போது வேறொன்று தோன்றிற்று. அந்தப் பொய் அவருக்கு மட்டும் நன்மை செய்யவில்லை. அனுமதியோடு பறித்தேன் என்று எழுதிவிட்டால், இத்தனை காலம் நான் இறைவனுக்கு இட்ட இலைகள் எல்லாம் ஒரு கையெழுத்தில் நல்ல இலைகள் ஆகிவிடும். அனுமதி இருக்கவில்லை என்று சட்டத்தரணி முன்னால் சொன்னேனே தவிர, அதை நானே எழுதிக் கையெழுத்திடுகிறேன் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. பொய் சொல்லாமல் இருந்தது வரை சரி. உண்மையை முழுதாகச் சொல்லாமல் நின்றதனால் ஒரு மனுசி வீடில்லாமல் நிற்கிறார்.

பூசை முடிந்ததும் என் கையாலேயே எழுதினேன். இந்த வளவு இன்னாருடைய சீதனம் என்பதை நான் எல்லாக் காலமும் அறிவேன். ஒரு நாளும் என்னுடையதென்று எண்ணியதில்லை. அவரைக் கேளாமல் உள்ளே போய் இலை பறித்தேன். அது பிறர் பொருள் என்ற கூச்சத்தினாலேயே அவர் வளவின் வரியை அவருக்காகக் கட்டினேன். என் வீட்டார் வாழை வைத்தபோது தடுக்காமல் இருந்தது என் பிழை. இந்த நிலத்தில் எனக்கு எந்த உரித்தும் இல்லை, இருந்ததும் இல்லை. இவ்வளவுதான்.

சட்டத்தரணி இரண்டு தரம் வாசித்தார். தொலைபேசியில் அழைக்கப்பட்ட அம்மையாரும் வந்து சேர்ந்தார். இது நேர்மையான கடதாசி, ஆனால் அதில் ஓர் ஓட்டை இருக்கிறது என்றார் சட்டத்தரணி. அனுமதி கேட்காமற் போனதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். உங்கள் காலத்துக்குப் பின் உங்கள் ஆட்கள், ஐயா வயதுபோய்த் தளர்ந்து எழுதிக் கொடுத்தார் என்று இதே கடதாசியை வைத்து வழக்காட இடமுண்டு. மகளும் மருமகனும் தங்களுக்கும் உரித்தில்லை என்று கீழே கையெழுத்து வைத்தால் அந்த ஓட்டை அடைபடும்.

அம்மையார் கடதாசியை வாங்கித் தாமே வாசித்தார். வாசித்து முடித்து, அதன் மேலாக என்னைப் பார்த்தார்.

"இதை வைச்சு உங்களிலை நான் களவு வழக்கும் போடலாம் அண்ணை."

"ஓம். போடலாம்" என்றேன்.

அவர் முகத்தில் ஏதோ அசைந்தது. சிரிப்பென்று சொல்லமாட்டேன். "மகளைக் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்றார்.

மகளிடம் நான் கேட்டது குசினியில், அவள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது. கேட்கும்போதே மருமகன் வாசலில் வந்து நின்றார். அவருக்குச் செய்தி புதிது. நான் எழுதியதை வாங்கி வாசித்தார். என்னைப் பேசவில்லை. மகளைப் பார்த்து, நீ கையெழுத்து வைத்தால் உன் பிள்ளைக்கு நீயே குழி வெட்டுகிறாய் என்று மட்டும் சொன்னார். தன் கையெழுத்து அதில் விழாது, தன் வாழையை ஒருவரும் தொடவும் விடமாட்டேன் என்றார். மகள் துருவுவதை நிறுத்தவில்லை. அவளை நான் வற்புறுத்தவில்லை. தகப்பன் சொல்லுக்காகப் புருஷனை எதிர்த்தாள் என்ற பழியை அவள் தலையில் ஏற்ற எனக்கு உரிமை இல்லை. வெள்ளிக்கிழமை காலை பட்டணத்துக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை பேருந்துத் தரிப்பிடத்துக்கு நான் தனியாகத்தான் நடந்தேன். பேருந்து வந்து நின்ற பிறகு, பின்னால் ஒழுங்கையில் அவள் வருவது தெரிந்தது. வேலைச் சேலையை மாற்றாமல், கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள். சட்டத்தரணியின் மேசையில் கடதாசியை வைத்தபோது, அவளுக்கு அது முழுதும் விளங்கியதா என்று அவர் சம்பிரதாயமாகக் கேட்டார். அவள் அம்மையாரைப் பார்த்து மறுமொழி சொன்னாள்.

"என்ரை பிள்ளைக்குக் காணி இல்லை மாமி. அது எனக்கு ஒவ்வொரு நாளும் நெஞ்சிலை கிடக்குது. ஆனா உங்கடையைத் தந்து அவளைக் கட்டிக்குடுக்க என்னாலை ஏலாது."

சொல்லிவிட்டுக் கையெழுத்து வைத்தாள். அம்மையார் எழுந்து அவள் தோளில் ஒரு கை வைத்தார். பிறகு உட்கார்ந்துவிட்டார். இன்னொரு கையெழுத்து இல்லாத வெற்றிடத்தைச் சட்டத்தரணி பேனையால் தொட்டுக் காட்டினார். வாழையை வைத்தவர் மருமகன்தானே, அவர் ஒப்பாவிட்டால் நிலத்திலே நின்று தடுக்கக்கூடும் என்றார். தடுத்தால் தடுக்கட்டும், நான் நிலத்திலே நின்று பார்த்துக்கொள்கிறேன் என்று அம்மையார் கடதாசியை மடித்தார்.

கந்தோரில் பெயர் மாறிற்று. பரிசோதகர் தாமே பழைய பெயரை வெட்டி, புதிய பெயரைத் தெளிவாக எழுதினார். எழுதிவிட்டு, இப்படித் தானாக வந்து வெட்டச் சொன்ன ஒருவரை இதுவரை கண்டதில்லை என்றார். அதைப் புகழாகச் சொன்னாரா, பேதைமை என்று சொன்னாரா, நான் கேட்கவில்லை. சில வாரங்களில் கட்டட அனுமதியும் வந்தது.

வீட்டில் மருமகன் என்னோடு கதைப்பதை விட்டார். வேண்டியதைப் பேத்தி மூலம் கேட்டார். வாழை அப்படியே நின்றது. இரண்டு வளவுக்கும் நடுவே, வேலி இருந்த கோட்டின் மேலேயே ஒரு வரிசை, குலை தள்ளத் தயாராக நின்றது. அத்திவாரம் வெட்ட நாள் பார்த்தாயிற்று என்று கேள்விப்பட்டபோது, அவர் அன்று என்ன செய்வார் என்ற பயம் எனக்குள் நாளுக்கு நாள் கனத்தது. மகளும் அதையே நினைத்தாள் என்பது, அந்த நாள் நெருங்க நெருங்க அவள் கையிலிருந்து பாத்திரங்கள் விழுந்ததில் தெரிந்தது.

அன்று விடிந்ததும் அம்மையார் மேசனோடும் இரண்டு கூலியாட்களோடும் வந்தார். சபை அனுமதியில் எல்லையிலிருந்து விடவேண்டிய இடைவெளி குறித்திருந்தது. ஆகவே முதலில் எல்லைக்கு நூல் கட்ட வேண்டும். எல்லைக்கல் எங்கே என்று மேசன் கேட்டார். வாழைக்குள் என்றார் அம்மையார். மருமகன் இரும்பு அலவாங்கோடு வாழையடியில் நின்றிருந்தார். கூலியாட்கள் அவரைக் கண்டு தயங்கினார்கள். நான் என் முற்றத்தில் நின்றேன். குறுக்கே போய்ப் பேசினால் அவர் மேலும் இறுகுவார் என்று தெரிந்ததால் நின்ற இடத்திலேயே நின்றேன். வாயில் பதிகம் ஓடிற்று, எந்தப் பதிகம் என்று இப்போது நினைவில்லை.

அம்மையார் நூற்கட்டையை எடுத்துக்கொண்டு நேரே அவரிடம் நடந்தார்.

"தம்பி, உந்தக் கல்லு எங்கை எண்டு உங்களுக்குத்தான் தெரியும். எனக்குக் குனிய ஏலாது. நுனியை ஒருக்காப் பிடியுங்கோ. வாழைக்குலையை வெட்டி எடுத்தாப் பிறகு மரத்தை எடுப்பம், அவசரமில்லை."

நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. மருமகன் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வீட்டு வாசலில் நின்ற மகளைப் பார்த்தார். அலவாங்கை ஒரு வாழையிற் சாத்திவிட்டு நூலை வாங்கினார். வாழைகளின் நடுவே போய்க் குந்தி, நுனியை நிலத்தில் வைத்தார். வைத்த இடம் கல்லுக்குக் கிழக்கே, அம்மையாரின் பக்கமாக, ஒரு சாண் உள்ளே. எனக்குத் தெரிந்தது. சருகுக்குக் கீழே கல் எங்கே கிடக்கிறது என்பது அந்த வளவில் அவ்வளவு காலம் நடந்த எனக்குத் தெரியாதா?

மேசன் மறுமுனையை இழுத்தார். நூல் விறைத்தது. அம்மையார் நூலைப் பார்க்கவில்லை, குந்தியிருந்தவரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். சரியோ என்று மேசன் தூரத்திலிருந்து கேட்டார்.

மருமகன் இடது கையால் சருகை ஒதுக்கினார். மண்ணையும் ஒதுக்கினார். கல்லின் தலை வெளியே வந்தது. நூலை அதன் மேலே நகர்த்தி, பெருவிரலால் அழுத்திப் பிடித்தார்.

"இப்ப இழுங்கோ" என்றார்.